படார் மாட்டிய ஈரப் பை

"தப்பா எடுத்துக்காத கண்ணு" என்று கையிலிருந்த தூசிப் பையிடம் சொல்லிவிட்டு, அதைத் தோளுக்குப் பின்னால் வீசி, ஒரே அடி. படார்! பின்பக்கச் சுவரிலிருந்து ஒரு சாம்பல் மேகம் எழும்பி, கொஞ்சம் யோசித்து, பக்கத்துக் காலி மனைக்குக் குடிபோகும். இரண்டாவது அடிக்கு மன்னிப்புக் கிடையாது. மூன்றாவது அடிக்குத் திட்டே விழும்: "இன்னுமாடா ஒளிச்சு வச்சிருக்க?"

அந்தச் சத்தம்தான் அவருக்குப் பெயர். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று இருந்தது. அது இந்தச் சுவரில் அடிபட்டுச் செத்துப் பல காலமாகிறது. முதலாளி முதற்கொண்டு, தண்ணீர் லாரி ஓட்டுபவர் வரைக்கும் எல்லோருக்கும் அவர் படார்தான். அடி விழுந்து விழுந்து சுவரில் ஒரு பெரிய சாம்பல் திட்டு உண்டாகியிருக்கிறது. தூரத்திலிருந்து பார்த்தால் குண்டு மனிதர் ஒருவர் சுவருக்குள் புகுந்து தப்பிக்கப் பார்த்துப் பாதியில் மாட்டிக்கொண்டது போலிருக்கும். முதலாளிக்கு அது பிடிக்கவில்லை, வெள்ளையடிக்கச் சொன்னார். அடித்தார்கள். மறுநாளே குண்டு மனிதர் திரும்பி வந்துவிட்டார்.

தன் காரைத் தானே கழுவிக்கொள்ளும் இடம் அது. ஒரு டோக்கன் போட்டால் தண்ணீர் பீய்ச்சும், இன்னொன்று போட்டால் நுரை கக்கும், வேறொன்று போட்டால் வேக்குவம் உறிஞ்சும். காசையும் கொடுத்து வேலையையும் தானே செய்துவிட்டு, எதையோ ஜெயித்த மாதிரி வீட்டுக்குப் போகிறவர்கள் உலகத்தில் இத்தனை பேரா என்று படாருக்கு இன்னும் ஆச்சரியம் தீரவில்லை. "ஓட்டலுக்குப் போயி காசையும் குடுத்து, சமையலும் பண்ணி, பாத்திரமும் கழுவி வச்சிட்டு வருவானா எவனாவது? இங்க வர்றான் பாரு, குடும்பத்தோட!" என்பார். சொல்லிவிட்டு முதலாளியின் அறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துக்கொள்வார். வாய் பெரிதுதான், வேலையும் வேண்டுமே.

வேக்குவம் எந்திரங்கள் நாலும் வரிசையாக நிற்கின்றன. இடுப்பளவு இரும்பு டிரம், தலையில் மோட்டார், பக்கத்தில் தும்பிக்கை மாதிரி ஒரு குழாய். நாலுக்கும் படார் பெயர் வைத்திருக்கிறார். சத்தம் தெருவைக் கூட்டும், ஆனால் காரியம் ஒன்றும் நடக்காது என்றால் அது மாமியார். டோக்கனை விழுங்கிவிட்டு ஒன்றும் தெரியாத மாதிரி நிற்பது மந்திரி. பாதி வேலையில் தூங்கிப்போவது மச்சான். போன வருஷம் வந்த கடைசி எந்திரம் புதுப்பொண்ணு. அதற்கு இழுப்பும் அதிகம், கோபமும் அதிகம், முதலாளியிடம் செல்லமும் அதிகம். இந்தப் பெயர்களில் முதலாவதை மட்டும் படார் தன் வீட்டில் சொன்னதில்லை.

டிரம்முக்குள் ஒரு வளையத்தில் துணிப்பை தொங்கும். குழாய் உறிஞ்சும் குப்பை டிரம்மின் அடியில் விழும். காற்று மட்டும் துணி வழியாக வடிந்து, மோட்டாரைத் தாண்டி, பக்கவாட்டில் இருக்கும் கம்பிச் சன்னல் வழியாக வெளியே வரும். பை ஒழுங்காக இருந்தால் வருகிற காற்று சுத்தம். இல்லையென்றால், நாலு காரின் அழுக்கை எடுத்து ஐந்தாவது கார்க்காரர் மூஞ்சியில் ஊதிவிட்டதாக அர்த்தம். ஆகவே உலகத்தில் மோட்டார் கண்டுபிடித்தவன், சக்கரம் கண்டுபிடித்தவன் எல்லோரையும்விடத் துணி கண்டுபிடித்தவனே பெரிய ஆள் என்பது படாரின் முடிவு. இதற்கு மேல் யாரும் அவரிடம் வாதாடியதில்லை. வாதாடினால் பையைக் கையில் கொடுத்துவிடுவார்.

அடித்து முடித்த பையைக் காலுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு, தையல் ஓரங்களைப் பழைய பல்துலக்கும் பிரஷால் சீவுவார். அது அவர் மனைவியின் பிரஷ் என்றும், பழையது ஆகும் முன்பே இங்கே வந்துவிட்டது என்றும் ஒரு வழக்கு வீட்டில் நிலுவையில் இருக்கிறது. பிறகு பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு சூரியனைப் பார்த்து நிற்பார். எங்கேயாவது ஊசிமுனை ஓட்டை இருந்தால் உள்ளே இருப்பவருக்கு நட்சத்திரமாகத் தெரியும். தெரிந்த இடத்தில் உள்ளேயிருந்தபடியே விரலை வைத்து, பையோடு அப்படியே நடந்து வந்து தைப்பார். தலையிருக்கும் இடத்தில் சாம்பல் நிற மூட்டையோடு ஓர் உருவம் கையை நீட்டிக்கொண்டு வருவதைப் பார்த்து, கார் கழுவ வந்த குழந்தைகள் அலறியது உண்டு. ஒருமுறை ஒரு வக்கீலும் அலறினார். எந்த நிற நூல் கிடைக்கிறதோ அந்த நிறத்தில் தையல் விழும். புதுப்பொண்ணின் பையில் மட்டும் ரோஜா நிற நூல். கேட்டால், "கெடச்சது அதான்" என்பார். மற்ற நிறங்களும் பெட்டியில்தான் இருக்கின்றன.

டிரம்மின் அடிக்குப்பையைக் கிளறிப் பார்ப்பதற்கென்று ஒரு கம்பி வைத்திருக்கிறார். கிளறும்போது பக்கத்தில் டோக்கன் அக்கா இருக்க வேண்டும். டோக்கன் கொடுக்கும் பெண்ணை, அவளைவிட மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். படார் மட்டும் தங்கச்சி என்பார்.

"இங்க பாரு தங்கச்சி. சிப்ஸு, சிப்ஸு, சாக்லேட் தாளு, மறுபடி சிப்ஸு. இந்த ஆளுக்கு வீட்டுல வெறும் இலைதழையா குடுத்து எடையக் கொறைக்கச் சொல்லியிருக்காங்க. பாவம், கார்ல வந்து வாழறான்."

"அண்ணே, அது யாரு காரு?"

"சொல்ல மாட்டேன். தொழில் ரகசியம்."

"வெள்ளைக் காரு, அந்த டாக்டரா?"

"நான் சொல்லல. நீ சொல்ற." பெயரைச் சொல்லாமல் எல்லாவற்றையும் சொல்லிவிடுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை.

இவ்வளவு வாய் இருக்கிறவருக்கும் சட்டம் என்று ஒன்று உண்டு. ஈரப் பையை மாட்டக்கூடாது. பையைத் துவைப்பது எப்போதாவது ஒரு நல்ல வெயில் நாளில்தான். அதுவும் கொடியில் முறுக்காகக் காயும்வரை யாரையும் தொட விடமாட்டார். ஈரப் பை மாட்டுவது அவருடைய கணக்கில் கொலைக்குக் கொஞ்சம் கீழே, திருட்டுக்கு நிறைய மேலே. அவர் விடுப்பில் போனபோது மாற்றாளாக வந்த ஒருவர் அதைச் செய்துவிட்டார். திரும்பி வந்த படார் அவரை நிற்கவைத்துக் கேட்ட கேள்வி இன்றும் அங்கே மேற்கோள் காட்டப்படுகிறது: "ஈரத்துல தூசி பட்டா சேறு. சேறு காஞ்சா சிமெண்ட்டு. அப்புறம் காத்து எந்த வழியாய்யா போவும்? உங்க அப்பா மூக்கு வழியாவா?"

இப்படிப்பட்டவருக்கு மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரு பேத்தி பிறந்தாள். நாள் ஆகும் முன்பே அவசரமாகப் பிறந்துவிட்டாள். நெஞ்சில் ஒரு இழுப்பு, பூனைக்குட்டி உறுமுகிற மாதிரி. தூசி மட்டும் ஆகவே ஆகாது, பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொன்னார். சொல்லிவிட்டு அவர் அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விட்டார். குழந்தையின் அம்மா, அதாவது படாரின் ஒரே மகள், திரும்பித் தன் அப்பாவைப் பார்த்தாள்.

"அப்பா, தப்பா நெனச்சுக்காதீங்க."

"நான் ஏம்மா தப்பா நெனைக்கறேன்."

"பாப்பாவுக்கு நெஞ்சு சரியாகற வரைக்கும் நீங்க தூக்க வேண்டாம்."

"சரிம்மா."

"குளிச்சாலும் வேண்டாம்ப்பா. உங்க காதுக்குள்ளகூட இருக்கு."

காதுக்குள்ளே இருந்தது உண்மைதான். இருந்தாலும் மாப்பிள்ளை முன்னால் அதைச் சொல்லியிருக்க வேண்டாம். அன்று வீட்டுக்கு வந்ததும் படார் கண்ணாடி முன்னால் நின்று காதைக் குடைந்தார். பஞ்சு சாம்பல் நிறத்தில் வந்தது. "அவ சொன்னதுல என்ன தப்பு? உங்களப் படுக்கவிட்ட தலையணைய உதறினா தெருவே தும்மும்" என்று மனைவி ஆறுதல் சொன்னார்.

அப்புறம் தொடங்கியது கூத்து. தூசி எங்கெல்லாம் தங்கும் என்று அவருக்குத் தெரியாதா? முதலில் புருவத்தைச் சீவினார், பையைச் சீவுகிற மாதிரியே. அடுத்து, கல்யாணத்துக்கு முன்பிருந்து வைத்திருந்த மீசையை எடுத்துவிட்டார். மறுநாள் டோக்கன் அக்கா அவரைப் பார்த்து, "சார், எந்த வேக்குவம் வேணும்?" என்று கேட்டுவிட்டாள். மனைவியோ கதவைப் பாதி திறந்து, "அவர் இல்லீங்களே" என்றாராம். கதையில் கொஞ்சம் படாரின் கைச்சரக்கும் இருக்கும். மீசை போன இடத்தில் ஒரு வெள்ளைப் பட்டை தெரிந்தது உண்மை. அந்த முகத்தில் பல வருஷமாக வெயிலும் தூசியும் படாத ஒரே இடம் அதுதான்.

அதோடும் விடவில்லை. வேலை முடிந்ததும் கார் கழுவும் மூன்றாவது அறையில் போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார், டோக்கன் அக்காவை நுரைத்துப்பாக்கியைப் பிடிக்கச் சொல்லி.

"அண்ணே, கண்ண மூடுங்க. மொத்தமாவா, டயர் மட்டுமா?"

"அடி தங்கச்சி, அடி. பேசாத."

"கடைசியில பளபளன்னு வாக்ஸும் போட்டுடவா?"

வரிசையில் காத்திருந்த கார்க்காரர் ஒருவர் கண்ணாடியை இறக்கி, இது தனிக் கட்டணமா என்று கேட்டார். அப்படி நுரைத்து, அலசி, துடைத்து, புதுச் சட்டை போட்டுக்கொண்டு மகள் வீட்டுக்குப் போனார். தூக்கக் கேட்கவில்லை. தொட்டிலுக்கு ஓர் ஆள் தூரத்தில் நின்று எட்டித்தான் பார்த்தார். குழந்தை தும்மியது. ஒரே ஒரு தும்மல். குழந்தைகள் காரணமே இல்லாமலும் தும்மும், ஆனால் அதற்காகச் சாட்சி சொல்ல யார் வருவார்? படார் பால்கனிக்கு அனுப்பப்பட்டார். அங்கிருந்து கண்ணாடிக் கதவு வழியாகப் பேத்தியைப் பார்த்துக் கையாட்டினார். அவள் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதன் பிறகு அவர் பேத்தியைப் பற்றிப் பேசுவதைக் குறைத்துக்கொண்டார். பையை மட்டும் கூடுதலாக அடித்தார். டோக்கன் அக்கா, "அண்ணே, செவுரு உள்ள போயிடப் போவுது" என்று சொல்லிப் பார்த்தாள். பதிலுக்கு ஒரு அடிதான் கேட்டது.

ஒரு செவ்வாய்க்கிழமை இரவு மகள் போன் செய்தாள். குழந்தைக்கு நெஞ்சு தெளிந்துவிட்டதாம். மறுநாள் சாயங்காலம் டாக்டரிடம் காட்டிவிட்டுக் கார் கழுவும் இடத்து வழியாகத்தான் வருகிறார்களாம். "வேலைய முடிச்சுக் குளிச்சுட்டு ரெடியா இருங்கப்பா, கூட்டிட்டுப் போறோம். பாப்பாவ நீங்க தூக்கலாம்." படார் வாயைத் திறப்பதற்குள் அவளே தொடர்ந்தாள். "ஆனா ஒண்ணு. ஒரு பொட்டுத் தூசி பாத்தேன்னா கெடையாது. மறுபடி பால்கனிதான்."

மறுநாள் காலையில் வந்து படார் டிரம்களைத் திறந்து பார்த்தார். முந்தின நாள் விடுமுறை. ஜனங்கள் கார்களை ஓட்டிவந்து வருஷத்துக் குப்பையை எல்லாம் கொட்டிவிட்டுப் போயிருந்தார்கள். நாலு டிரம்மும் பாதிக்கு மேல் நிரம்பியிருந்தன. நாலு பையும் கம்பளி போர்த்திக்கொண்டது போல் தடித்துத் தொங்கின. அப்படியே விட்டுவைக்க முடியாது, மத்தியானத்துக்குள் எந்திரங்கள் மூச்சுவிட முடியாமல் நின்றுபோகும். உதறினால் மேகம் எழும். மேகத்துக்குக் கீழே நின்றவர் தலையில் அது இறங்காமல் எங்கே போகும்? நுரை போட்டாலும் மூன்று நாளைக்குக் காதில் உட்கார்ந்திருக்கும்.

படார் சுவரைப் பார்த்தார். குண்டு மனிதரும் அவரைப் பார்த்தார்.

பிறகு அவர் நாலு பைகளையும் கொடிக்கம்பியில் மாட்டி, தள்ளி நின்று, தண்ணீர்த் துப்பாக்கியால் அடித்தார். ஒரு துளி தூசி பறக்கவில்லை. கறுப்புக் குழம்பாக வழிந்து சாக்கடைக்குப் போனது. வானமோ மூடிக்கிடந்தது, வெயில் என்ற பேச்சே இல்லை. மாற்றுப் பை வாங்கித் தருவதாக முதலாளி சொல்லிக்கொண்டே இருக்கிறார், சொல்வதில் அவர் இன்னும் சோர்ந்துபோகவில்லை. மதியம் தாண்டியும் பைகள் சொதசொதவென்றே தொங்கின. நாலையும் பிழிந்து, ஓசைப்படாமல் கொண்டுபோய் மாட்டி, வளையத்தை இறுக்கினார் படார். டிரம்மைக் கவிழ்த்துக் கொட்டினால் பறக்கும் என்று அதையும் கொட்டவில்லை. ஒரு நாள்தானே, விடிந்ததும் வந்து சரியாக மாட்டிக்கொள்ளலாம். மந்தமான நாள், வேக்குவம் பக்கம் யார் வரப்போகிறார்கள்?

டோக்கன் அக்காவிடமாவது சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் என்று கேட்பாள். அப்பா மூக்கு வழியாவா என்று ஊரைக் கேட்டவர், எந்த வாயால் சொல்வது? துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு பின்னாலிருந்த குளியலறைக்குப் போய்விட்டார்.

மகளும் மாப்பிள்ளையும் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார்கள். குழந்தை பின் சீட்டில், தன் குட்டி இருக்கையில் பட்டை போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை தங்கமான மனிதர். அவரால் முடியாத காரியம் ஒன்றே ஒன்றுதான், சும்மா இருப்பது. குழந்தை எழுந்துவிடாதபடி காரைச் சற்றுத் தள்ளி நிறுத்தி, கண்ணாடிகளை ஏற்றி, ஏசியை ஓடவிட்டு, கால்மிதிகளை மட்டும் உருவிக்கொண்டு வேக்குவத்துக்கு வந்தார். டோக்கன் அக்கா, "நம்ம அண்ணன் மாப்பிள்ளைக்கு டோக்கன் எதுக்கு" என்று அவளே ஒன்றைக் கொண்டுவந்து போட்டாள். புதுப்பொண்ணில் போட்டாள், மரியாதைக்கு.

"அந்த மூலையில இன்னும் மண்ணு இருக்கு பாருங்க" என்று மகள் பக்கத்தில் வந்து நின்று கையை நீட்டினாள். அவள் நின்றது கம்பிச் சன்னலுக்கு நேர் எதிரே.

ஈரத் துணி காற்றை விடாது. புதுப்பொண்ணோ விட்டுக்கொடுக்கிற ஜாதியில்லை. உறுமியது, முக்கியது, இழுத்தது. இழுத்த இழுப்பில் பை வளையத்தை விட்டுக் கழன்று விழுந்தது. அதற்கப்புறம் டிரம்முக்கும் மோட்டாருக்கும் நடுவில் மறைப்பு என்று ஒன்றுமில்லை. விடுமுறை நாளின் மொத்தக் குப்பையும் கிளம்பி, சன்னல் வழியாக வெளியே வந்தது.

மகள் முழுசாகக் காணாமல் போனாள். "ஐயையோ" மட்டும் மேகத்துக்குள்ளிருந்து கேட்டது. மாப்பிள்ளை குழாயை விடவில்லை. பிடித்ததை விடாத சுபாவம். நிறுத்தலாம் என்றால் பொத்தான் கிடையாது. டோக்கன் போட்டால் போட்டதுதான், அது தீரும்வரை ஓடும். டோக்கன் அக்கா எந்திரத்தை ஓங்கி உதைத்தாள். புதுப்பொண்ணு அவள் பக்கமும் ஒரு வாய் ஊதியது.

"மெயினு! மெயினை அமுக்கு தங்கச்சி!"

படார் ஓடிவந்து கொண்டிருந்தார். ஈரத்தலை, தேய்த்த சட்டை, செருப்பில்லாத கால். சத்தம் காதில் விழுந்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது, பார்க்கத் தேவைப்படவில்லை. அக்கா கண்ணைக் கசக்கிக்கொண்டே ஓடி மெயின் சுவிட்சை அமுக்கினாள். எந்திரம் அடங்கியது. அடங்கிய பிறகுதான் காருக்குள்ளிருந்து குழந்தையின் அழுகை கேட்டது.

மகள் காரை நோக்கி ஓடினாள். தலைமுடி, இமை, கழுத்து, எல்லாம் ஒரே சாம்பல், யாரோ சிமெண்ட் மூட்டைக்குக் கைகால் வைத்து விட்ட மாதிரி. ஓடுகிற வழியெல்லாம் உதிர்ந்தது. கதவுக்கு அரையடி முன்னால் கையை நீட்டியவள் அப்படியே நின்றாள். தன் கையைப் பார்த்தாள். திரும்பிக் கணவனைப் பார்த்தாள். அவர் இவளைவிட மோசம். டோக்கன் அக்காவைப் பார்க்கவே தேவையில்லை, இருமல் கேட்டது. அந்த இடத்தில் சுத்தமாக இருந்த மனிதர் ஒருவர்தான்.

"அப்பா, நீங்க எடுங்க."

படார் நகரவில்லை. "நாந்தாம்மா. ஈரப் பைய மாட்டிட்டேன். தூசி ஒட்டக்கூடாதுன்னு..." காரைக் காட்டினார். "பாப்பா வெளிய இருந்திருந்தா..."

"அதுக்கு அப்புறம் திட்டறேன். நல்லாத் திட்டறேன். மொதல்ல அவள எடுங்க."

அவர் சுற்றிக்கொண்டு தூசி படாத மறுபக்கத்துக்குப் போய்க் கதவைத் திறந்தார். வாழ்நாள் முழுக்க வளையமும் கொக்கியும் மாட்டிக் கழற்றியவருக்கு அந்தக் குட்டிப் பட்டை பிடிபடவில்லை.

"செவப்பு பட்டன் மாமா! அமுக்கிக்கிட்டே இழுக்கணும்!" தூரத்திலிருந்து மாப்பிள்ளை, குழாயை இன்னும் கையில் பிடித்தபடி.

பட்டை விட்டது. குழந்தை கைக்கு வந்தாள். ஒரு பையைவிடக் கனம் குறைவு. படார் அவளை நெஞ்சோடு ஏந்திக்கொண்டு, காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று ஒருமுறை பார்த்து, சாலையோர வாசலுக்குப் போய் நின்றார். மூன்று பேரும் எட்ட நின்று உதறிக்கொண்டார்கள். யாரும் கிட்டே வரவில்லை. அழுகை மெல்ல விக்கலாகச் சுருங்கியது. சாம்பல் இமைகளுக்கு நடுவிலிருந்து மகள், "கழுத்தப் பிடிங்கப்பா, கழுத்த!" என்று கத்தினாள்.

பிடித்துத்தான் இருந்தார். பதில் சொல்லவில்லை, உள்ளே தூசி இருந்தால் அவள்மேல் படுமே என்று மூச்சையும் சேர்த்துப் பிடித்திருந்ததால். முகம் சிவந்து, இனி முடியாது என்று ஆனதும், கழுத்தை எவ்வளவு திருப்ப முடியுமோ அவ்வளவு சாலைப் பக்கம் திருப்பி, தோளுக்கு மேலாக ஊதி வெளியே விட்டார். அந்தப் பக்கமே இன்னொரு மூச்சை இழுத்து, உதட்டை இறுக மூடிக்கொண்டு, மறுபடி பேத்தியைப் பார்க்கத் திரும்பினார்.